கிழிந்த இடத்தை மட்டும் பார்த்து நான் எழுதிய முதல் ரிப்போர்ட்

அனல்மின் நிலையத்தில் உடைந்துபோகும் பாகங்களை ஆராயும் மெட்டலர்ஜிஸ்டாக நான் சேர்ந்தபோது, அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வுபெற்றுப் போய் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு பாலிஷிங் மெஷின், கடினத்தன்மை பார்க்கும் கருவி ஒன்று, பழைய ரிப்போர்ட்டுகள் நிறைந்த இரண்டு பீரோ, அவ்வளவுதான் லேப். அதற்கு முன் இரண்டு வருடம் எஃகு ஆலையில் வேலை பார்த்திருந்தேன். அங்கே சாம்பிள் தானாக மேஜைக்கு வரும், பார்த்துச் சொன்னால் போதும். இங்கே சாம்பிளை நாமே போய்த் தேடி எடுக்க வேண்டும் என்பதும், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் போனால் அது குப்பைக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள 31 நாள் பாய்லர் நிற்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் ஒருவராவது அந்த நாட்களை மிச்சப்படுத்தட்டும் என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த எட்டாவது மாதம். 200 மெகாவாட் யூனிட் ஒன்றில் ஒரு மாலை மேக்கப் தண்ணீர் அளவு, அதாவது குறைவதை ஈடுகட்டப் புதிதாகச் சேர்க்கும் தண்ணீர், திடீரென்று ஏறியது. பாய்லர் எங்கேயோ ஒழுகுகிறது என்பதற்கு முதல் அடையாளம் பெரும்பாலும் அதுதான். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் நீராவிக்கும் கணக்கு இடிக்கும். ஆனால் மின்தேவை உச்சத்தில் இருந்ததால் யூனிட்டை உடனே நிறுத்தவில்லை. இன்னும் 30 மணி நேரம் ஓட்டினார்கள். அதற்குப் பிறகு ஃபர்னஸ் அழுத்தம் ஆட ஆரம்பித்து, சத்தம் வெளியிலேயே கேட்டது. நிறுத்தி, ஆறவைத்து, உள்ளே சாரம் கட்டி முடிக்கவே இரண்டு நாள் ஆனது.

முதல்முறை ஃபர்னஸுக்குள் நுழைந்தது இன்னும் நினைவிருக்கிறது. நாலு பக்கமும் உள்ளே தண்ணீர் ஓடும் டியூப்களை அடுக்கிய சுவர், மேலே பார்த்தால் இருட்டு, காலடியில் சாம்பல். 24 மீட்டர் உயரத்தில் பின்சுவரில் 37-வது டியூப் மீன் வாயைப் பிளந்ததுபோலக் கிழிந்து நின்றது. நீளம் கிட்டத்தட்ட ஒரு சாண். உதடு இரண்டும் கத்திமுனைபோல மெலிந்திருந்தன. அதிலிருந்து பாய்ந்த நீராவி பக்கத்து டியூப்களையும் அறுத்திருந்தது. பாடப்புத்தகத்தில் குறுகிய கால அதிவெப்பத்துக்குப் போடும் படம் கண்முன்னால் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டதே என்று.

அதே 37-வது டியூபில், 15 மீட்டர் கீழே, ஒரு வெல்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு விரிசலும் இருந்தது. 60 மில்லிமீட்டர் நீளம். உதடு மெலியவே இல்லை, டியூப் புடைக்கவும் இல்லை, தடித்த சுவர் அப்படியே விண்டிருந்தது. பக்கத்தில் நின்ற எல்லோரும் "அது பழைய வெல்டு கோளாறு சார், இதோடு சேர்ந்து விட்டிருக்கும்" என்றார்கள். நான் அங்கே நின்றது ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு போட்டோ எடுத்தேன். பக்கத்தில் அளவுகோல் வைக்கவில்லை. மேலே இருந்த மீன்வாயை எனக்கு வெட்டித் தரச் சொன்னேன். கீழே இருந்ததைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதைக் கேஸ் கட்டர் வைத்து வெட்டி எடுத்து, புது டியூப் வைத்து வெல்டு செய்துவிட்டார்கள். வெட்டிய துண்டு ஸ்கிராப்புக்குப் போனது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒரு டியூப் கிழிந்தால் அதிலிருந்து வரும் நீராவி பக்கத்து டியூபை அறுக்கும், அது கிழிந்து இன்னொன்றை அறுக்கும், சில சமயம் திரும்பி முதல் டியூபையே அறுக்கும். நாம் உள்ளே போகும்போது பார்ப்பது கடைசிக் காட்சி. அதில் மிகப் பெரிதாகக் கிழிந்திருப்பது முதலில் போனதாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வாட்டர்வால் டியூபில், அதாவது அந்தச் சுவர் டியூபில், தண்ணீர் கீழிருந்து மேலே போகிறது. கீழே ஒரு ஓட்டை விழுந்தால் அதற்கு மேலே இருக்கும் பகுதிக்குத் தண்ணீர் குறையும். நெருப்பு அதே நெருப்புத்தான். தண்ணீர் குறைந்த இடம் நிமிடக் கணக்கில் சூடேறிக் கிழியும். மேலே இருந்த மீன்வாய் உண்மையிலேயே அதிவெப்பத்தால்தான் கிழிந்தது. ஆனால் அது விளைவு. காரணம் 15 மீட்டர் கீழே இருந்தது. ஆகவே சாரம் ஏறியதும் ஒரே டியூபை அடியிலிருந்து உச்சி வரைக்கும் கண்ணால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு எண் கொடுத்து, எது எதை அறுத்தது என்று அம்புக்குறி போட்டுப் படம் வரையுங்கள். எங்கே அம்பு எதுவும் வந்து சேரவில்லையோ, உங்கள் தேடலை அங்கே தொடங்குங்கள்.

லேபில் நான் செய்த அடுத்த தவறு இதைவிட வருத்தமானது. மீன்வாய்த் துண்டின் உள்பக்கம் கறுப்பும் செம்பழுப்புமாகத் தடிமனான படிவம் இருந்தது. போட்டோவில் சுத்தமாகத் தெரியட்டும் என்று அதை அமிலத்தில் போட்டுக் கழுவிவிட்டேன். அந்தப் படிவத்தில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உதட்டை வெட்டி, பாலிஷ் செய்து, 2 சதவீத நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தோய்த்துப் பார்த்தேன். கார்பன் மிகக் குறைந்த ஃபெரைட் துகள்கள் இழுபட்டு நீண்டிருந்தன, இடையிடையே எஃகு வேகமாகக் குளிரும்போது உருவாகும் பெய்னைட் தெரிந்தது. கார்பன் எஃகு 727 டிகிரியைத் தாண்டிச் சூடாகி, பீறிட்ட தண்ணீரால் சட்டென்று குளிர்ந்திருக்கிறது. நான் பார்த்ததில் பிழை இல்லை. பார்த்ததிலிருந்து தாவியதில்தான் பிழை. "டியூபில் நீரோட்டம் தடைபட்டதால் அதிவெப்பம். அந்நியப் பொருள் அடைப்போ, டிரம் லெவல் குறைவோ காரணமாக இருக்கலாம்" என்று நாலாம் நாளே எழுதிக் கொடுத்தேன். டிரம் என்பது பாய்லரின் மேலே நீரும் நீராவியும் பிரியும் பெரிய உருளை, அதிலுள்ள தண்ணீர் மட்டம்தான் டிரம் லெவல்.

ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டால், பதில் அந்த மீட்டிங். தினமும் காலையில் பத்துப் பேர் உட்கார்ந்து "என்ன காரணம்? எப்போது ஏற்றலாம்?" என்று கேட்டார்கள். 200 மெகாவாட் ஒரு நாள் நின்றால் 48 லட்சம் யூனிட் மின்சாரம் போச்சு. அந்த எண்ணைத் தினமும் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். தெரியவில்லை என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் இருந்தால் மூன்று வரி எழுதிக் கொடுப்பேன். இதுவரை கண்ணால் பார்த்தது இது. இதிலிருந்து ஊகிப்பது இது. இதை உறுதி செய்ய இன்னும் இந்தச் சாம்பிளும் இந்தப் பதிவேடும் வேண்டும். ஊகத்தையும் பார்த்ததையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால், படிக்கிறவர் இரண்டையும் உண்மை என்றே எடுத்துக்கொள்வார்.

அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அடைப்பைத் தேடி, டியூப்களுக்குத் தண்ணீரைப் பிரித்துத் தரும் கீழ் ஹெடரின் மூடிகளை அறுத்து, ஃபைபர்ஸ்கோப் என்ற மெல்லிய பார்வைக் குழாயை விட்டு மூன்று நாள் பார்த்தார்கள். ஒரு வெல்டிங் ராடு துண்டுகூட இல்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். அடைப்பு இல்லை என்றதும் பார்வை "டிரம் லெவல்" பக்கம் திரும்பியது. சார்ட்டை எடுத்துப் பார்த்தால் சம்பவத்துக்கு முந்தைய நாள் சில நிமிடம் லெவல் இறங்கியிருந்தது. அந்த ஷிஃப்டில் இருந்த மூத்த என்ஜினியருக்கு மெமோ போனது. அதில் என் ரிப்போர்ட்டின் வரி மேற்கோளாக இருந்தது. பணியில் 26 வருடம் ஆனவர். என்னிடம் வந்து, "தம்பி, நீங்க பார்த்ததைத்தானே எழுதியிருப்பீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் என் ரிப்போர்ட் தவறாக இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. பாவம், அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

பதினோராம் நாள் யூனிட் ஓட ஆரம்பித்தது. பதினாறே நாளில் மறுபடி மேக்கப் தண்ணீர் ஏறியது. இந்தமுறை ஐந்து மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, அதனால் மேலே எதுவும் கிழியவில்லை, அறுபடவில்லை. இருந்தது ஒரே ஒரு விரிசல். 35-வது டியூப், அதே 9 மீட்டர் உயரம், அதே வரிசை வெல்டுக்கு மேலே, அதே தடித்த உதடு. சாரத்தில் நின்று அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போன அந்த முதல் விரிசல் அப்படியே நினைவில் வந்து நின்றது.

இந்தத் தடவை கேஸ் கட்டரைக் கிட்டவே விடவில்லை. விரிசலுக்கு இருபுறமும் ஒரு முழம் தள்ளி ரம்பத்தால் அறுக்கச் சொன்னேன். அறுக்கும் முன்பே டியூப் மேல் பெயின்ட் மார்க்கரால் நீரோட்டத் திசைக்கு ஒரு அம்பு, நெருப்புப் பக்கத்துக்கு ஒரு குறி, டியூப் எண், உயரம் எல்லாம் எழுதினேன். வெட்டிய பிறகு ஒரு டியூப் துண்டைப் பார்த்து எது மேல், எது கீழ், எது நெருப்புப் பக்கம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு முனைகளையும் துணி வைத்து மூடி டேப் சுற்றினோம், உள்ளே இருக்கும் படிவம் உதிராமல் இருக்க. கேஸ் கட்டர் வைத்தால் அந்தச் சூட்டில் உலோகத்தின் உள்ளமைப்பே மாறிவிடும், கசடும் உள்ளே தெறிக்கும். இன்னொன்று, விரிசலின் இரண்டு முகங்களையும் பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். ஒருமுறை உரசினாலே அந்த முகத்தில் எழுதியிருப்பது அழிந்துவிடும்.

பிறகு முதல் துண்டைத் தேடி ஸ்கிராப் யார்டுக்குப் போனேன். ஃபோர்மேன் அண்ணன் கூட வந்தார். இரண்டு நாள் துருப்பிடித்த குவியலைப் புரட்டினோம். கேஸ் கட்டர் வெட்டிய முனை விரிசலிலிருந்து ஒரு கையகலம் தள்ளி இருந்ததால் அந்தத் துண்டு தப்பித்திருந்தது. அண்ணன் அதைக் கையில் எடுத்து, "இதுதானே?" என்று காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டிலிருந்தும் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் அறுத்து, பாதிக்குப் பாதி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும் கலந்து சூடாக்கி, புகையை இழுக்கும் ஃபியூம் ஹுடுக்குள் வைத்து ஐந்து நிமிடம் தோய்த்தேன். இது மிகப் பழைய சோதனை, செலவே இல்லாதது. வெளியே எடுத்துக் கழுவியபோது வளையத்தின் குளிர்ந்த பக்கம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நெருப்புப் பக்கம் உள்விளிம்பிலிருந்து சுவரின் பாதிக்கும் மேல் கரிபோலக் கறுத்திருந்தது. கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே கோடு போட்டதுபோல எல்லை. மைக்ரோஸ்கோப்பில் அந்தக் கறுப்பு இடத்தைப் பார்த்தால் எஃகின் கார்பன் தங்கியிருக்கும் பெர்லைட்டே காணோம். வெறும் வெள்ளை ஃபெரைட். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய பிளவுகள், வறண்ட குளத்துச் சேறு வெடித்ததுபோல.

ஹைட்ரஜன் டேமேஜ். படிவத்துக்கு அடியில் அமிலம் சேர்ந்து இரும்பை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. அவை எஃகுக்குள் ஊடுருவி அங்குள்ள கார்பனோடு சேர்ந்து மீத்தேன் ஆகின்றன. மீத்தேன் மூலக்கூறு பெரியது, எஃகை விட்டு வெளியேற முடியாது. உள்ளேயே அழுத்தம் ஏற்றித் துகள்களின் எல்லைகளைப் பிரிக்கிறது. சுவர் தடிமன் பெரும்பகுதி அப்படியே இருக்கும், ஆனால் வலு இருக்காது. அதனால்தான் புடைக்காமல், மெலியாமல், தடித்தபடியே விண்டுபோகிறது. இனி யாராவது தடித்த உதட்டோடு ஒரு விரிசலைக் காட்டி வெல்டு கோளாறு என்றால், ஒரு வளையம் அறுத்து அமிலத்தில் போடாமல் தலையாட்டாதீர்கள். வெல்டுக்கு அருகில் வந்ததற்கும் காரணம் இருந்தது. வெல்டின் வேர்ப்பகுதி உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. நீரோட்டம் அங்கே குழம்பும், படிவம் அங்கே சேரும், படிவத்தின் அடியில் அமிலம் செறியும். வெல்டு இடம் கொடுத்தது, நோய் தண்ணீரில் இருந்து வந்தது.

அமிலம் எங்கிருந்து வந்தது? கெமிஸ்டிடம் போய், ஒரு வருடத்து லாக் புக்கைக் கேட்டேன். ஐந்து மாதம் முன்னால் ஒரு பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டன்சரில் டியூப் ஒன்று ஒழுகி, குளிர்விக்கும் உப்புநீர் பாய்லர் தண்ணீரில் கலந்திருக்கிறது. வழக்கமாக 9-க்கு மேல் இருக்க வேண்டிய பிஎச் 6-க்குக் கீழே இறங்கி, மூன்று மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறது. கார மருந்து போட்டு ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் "சரியாகிவிட்டது" என்று குறிப்பு. அதற்குப் பிறகும் இரண்டு சின்னக் கசிவுகள். கெமிஸ்ட் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். உப்புநீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு பாய்லர் சூட்டில் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தரும். டிரம் தண்ணீரில் பிஎச் திரும்பி வந்துவிடும். படிவத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

ஆகவே உடைந்த துண்டு லேபுக்கு வருவதற்கு முன்பே மூன்று பேரைப் போய்ப் பாருங்கள்: கெமிஸ்ட், ஷிஃப்டில் இருந்தவர், அந்த இடத்தில் கடைசியாகக் கைவைத்த ஃபிட்டர். குறைந்தது ஒரு வருடத்துக் கதையைக் கேளுங்கள். படிவத்தைச் சுரண்டி ஒரு புட்டியில் எடுத்து வையுங்கள். நெருப்புப் பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும் தனித்தனியாக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எடை போடுங்கள். குளிர்ந்த பக்கம் எப்போதும் உங்களுக்கு ஒப்பிடக் கிடைக்கும் இலவச சாட்சி.

எத்தனை டியூப் இப்படி ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த பாடு. வெறும் தடிமன் மீட்டரை நம்பினால் ஏமாந்துபோவோம். சுவர் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் சொல்லும். பிளவுகள் அல்ட்ராசோனிக் ஒலியைச் சிதறடிப்பதால், சாய்வாக ஒலி அனுப்பி எவ்வளவு குறைந்து வருகிறது என்று பார்க்கும் முறையில் அந்த உயரம் முழுவதையும் சோதித்தோம். 64 டியூப்களில் மூன்று மூன்று மீட்டர் மாற்றவேண்டி வந்தது. சிலவற்றின் மேல் வெல்டு பூசி மூடிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் முதல்முறையாகக் குரலை உயர்த்தி முடியாது என்றேன். அடியில் இருக்கும் உலோகமே உதிரிக் கட்டியாக இருக்கும்போது அதன்மேல் வெல்டு எதைப் பிடித்துக்கொள்ளும்? இதற்கு 20 நாள். முதலில் போன 11 நாளையும் சேர்த்து 31 நாள், கிட்டத்தட்ட 15 கோடி யூனிட். அந்த 20 நாள் எப்படியும் தேவைப்பட்டிருக்கும். முதல் 11 நாள், 5 கோடி யூனிட்டுக்கும் மேல், நான் அவசரப்பட்டதால் வீணானது என்றே நினைக்கிறேன்.

மின்சாரம் போனால் கணக்கோடு முடிந்தது. எங்கள் விரிசல் ஃபர்னஸுக்குள் இருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. ஆட்கள் நடமாடும் இடத்தில் ஓடும் குழாயாக இருந்திருந்தால்? 1986-இல் அமெரிக்காவின் சர்ரி அணுமின் நிலையத்தில் ஃபீட்வாட்டர் குழாயின் வளைவு ஒன்று உள்ளே தேய்ந்து வெடித்ததில் நாலு பேர் இறந்தார்கள். 2004 ஆகஸ்டில் ஜப்பானின் மிஹாமாவில் அதே மாதிரித் தேய்மானம், ஐந்து பேர். மிஹாமாவில் வெடித்த இடம் பரிசோதனைப் பட்டியலிலேயே விடுபட்டிருந்தது. அதைப் படித்த பிறகு எந்த ரிப்போர்ட்டையும் முடிக்கும் முன் ஒரு கேள்வியை எழுதிவைத்துப் பதில் தேடுகிறேன்: இதே தண்ணீர், இதே சூடு, இதே வடிவம் இந்த நிலையத்தில் வேறு எங்கே இருக்கிறது?

இரண்டாவது ரிப்போர்ட்டை எழுதியபோது முதல் பக்கத்திலேயே, முதல் ரிப்போர்ட்டின் முடிவு தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். இணைப்பாகப் போடலாம், உள்ளே எங்காவது சொல்லிக்கொள்ளலாம் என்று சிலர் அன்பாகவே சொன்னார்கள். ஆனால் மெமோவில் மேற்கோளாக இருந்தது என் முதல் ரிப்போர்ட்டின் வரிதானே. மெமோ ரத்தாக மூன்று மாதம் ஆனது.

அதற்கு முன்பே அந்த மூத்த என்ஜினியரை கன்ட்ரோல் ரூமில் போய்ப் பார்த்தேன். கறுத்த வளையத்தை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். எப்படி நடந்தது என்று முழுவதும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் வளையத்தை விளக்குக்கு நேரே பிடித்து, கறுப்பும் வெளுப்பும் சேரும் கோட்டை விரலால் தடவினார். "முதல் தடவையே கீழே இருந்த துண்டை வெட்டிப் பார்த்திருந்தா இது தெரிஞ்சிருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்கும் சார்" என்றேன்.

அவர் வளையத்தைக் காகிதத்தில் மறுபடி சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பேனலில் டிரம் லெவலைப் பார்க்கத் திரும்பினார்.